காப்புக்குக் கை நீட்டியவள்

நேற்று நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி. திடலோரச் சாமான் அறையின் கதவைத் திறந்ததுமே தைல வாசனை மூக்கில் ஏறியது. கால் தசைக்குத் தேய்க்கிற அதே பச்சைத் தைலம். யாரோ மூடியைச் சரியாகப் போடாமல் சாய்த்து வைத்திருக்கிறார்கள். யார் என்று விசாரித்தேன். எல்லாரும் நான் இல்லை என்றார்கள், அதனால் எல்லார் மேலும் சந்தேகம் வந்தது. வெளியே வந்து பார்த்தால், புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு இன்னொருத்தி அந்தத் தைலத்தைக் கெண்டைக்காலில் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே பந்தயத்தில் ஓடப்போகிறவர்கள். எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை. இவள் எதற்கு அவளுக்குத் தேய்க்கிறாள்? என்ன காரியம் ஆகவேண்டியிருக்கிறது? தேய்க்கிற சாக்கில் தசையைப் பிசக வைத்துவிடுவாளோ? வெயில் ஏறும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேரும் எழுந்து ஓடப் போய்விட்டார்கள்.

நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். "ஏ சாந்தி, சாமியே நேர்ல வந்து வரங்குடுத்தாலும், ஒனக்கு இதுல என்ன லாபம்னு கேப்ப லா நீ" என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கேட்பேன்தான். கேட்டால் என்ன தப்பு?

நீ போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. இல்லாதவர்களுக்கு எழுதுகிற பழக்கம் எனக்கில்லை, அவர்கள் படிப்பார்கள் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனால் உன்னோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. நேற்றைய தைல வாசனை அதைக் கிளறிவிட்டது. சண்டை போட ஆள் இல்லாதபோது எழுதித்தானே தீர்க்க வேண்டும்.

நம் கதையை முதலிலிருந்தே சொல்கிறேன். நடுவில் நீ மறுத்துப் பேச முடியாது என்பது எனக்கு வசதி.

ஒரே தேயிலைத் தோட்டத்தில்தான் பிறந்தோம். ஆனால் உன் அப்பா பெரிய கங்காணி, மாரியம்மன் கோவில் தலைவரும் அவரே. கோவிலுக்குப் பக்கத்தில் உங்களுக்குத் தனி வீடு. என் அப்பா புல்வெட்டு ஆள். எங்களுக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லைனில் கடைசி வீடு, மழை பெய்தால் மலைத் தண்ணீர் முதலில் எட்டிப் பார்ப்பது எங்கள் அடுப்படியைத்தான். அப்படியிருக்க நீ ஏன் தினமும் என்னைத் தேடி வந்தாய் என்பதே எனக்கு முதல் சந்தேகம். அதற்கு நான் கண்டுபிடித்த விடை, உங்கள் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை என்பது. அது சரிதானா என்று நீ சொன்னதே இல்லை.

நாம் ஓட ஆரம்பித்ததும் ஒரு சந்தேகக் கேஸ்தான். கம்போங் ராஜாவுக்குப் போகிற பள்ளிக்கூடப் பஸ்ஸை ஒரு நாள் தவறவிட்டோம். நீ வேண்டுமென்றேதான் சடையை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினாய் என்று இன்றும் நினைக்கிறேன். பஸ் பாலத்தைத் தாண்டியதும் "வா, ஓடிப் போலாம்" என்று காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாய். பனி விலகாத மலைப்பாதை, இரண்டு பக்கமும் தேயிலை, மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை. பள்ளிக்கூட வாசலில் சேறும் சிரிப்புமாக நாம் வந்து நின்றதை ஓட்டப் பயிற்சி ஆசிரியர் பார்த்துவிட்டார். மலாய்க்காரர், மலாயில் வாத்தியாரை அழைக்கிற மாதிரி எல்லாருக்கும் அவர் ‘சிக்கு’. எங்கிருந்து ஓடி வருகிறீர்கள் என்று கேட்டார். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் நம் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். அடி வாங்கப்போகிறோம் என்று நான் நினைத்தேன். அவரோ சாயங்காலம் திடலுக்கு வரச் சொன்னார்.

அதற்குப் பிறகு நாம் ஓடாத நாள் குறைவு. மேட்டில் நீ முந்துவாய், கடைசி வளைவு தாண்டி நேர்ப்பாதை வந்தால் நான். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் நம் இருவருக்காகவே யாரோ அளந்து வைத்தது போல இருந்தது. மாநிலப் போட்டியில் ஒரு தடவை நீ ஜெயித்தாய், அடுத்த தடவை நான். யார் பெரியவள் என்று சிக்குவாலும் சொல்ல முடியவில்லை, நம்மாலும் முடியவில்லை.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. பல நாட்டு இளையோர் கலந்துகொள்ளும் அனைத்துலகத் திடல்தடப் போட்டி, கோலாலம்பூரில். பெண்கள் ஆயிரத்து ஐந்நூறில் நம் நாட்டுக்காக ஓட ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று சிக்கு சொன்னார். இரண்டு பேரும் திங்கட்கிழமை பயிற்சி முகாமில் இருக்க வேண்டும், அங்கே பார்த்துவிட்டு ஒருத்தியை இறக்குவார்கள். முகாமுக்கு வராதவளுக்கு இடம் கிடையாது. அதில் ஓடிவிட்டால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விளையாட்டுப் பிரிவில் சேர்வது சுலபம் என்றும் காதில் போட்டுவைத்தார். உனக்கு அது எப்படிக் கேட்டதோ தெரியாது. எனக்கு அது லைன் வீட்டிலிருந்து வெளியேறுகிற கதவு திறக்கிற சத்தம். என் அம்மா அப்போதே கொழுந்துக் கூடை சுமந்து சுமந்து முதுகு வளைந்திருந்தாள். அடுத்த கூடை எனக்குத்தான் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

மறுநாளே நீ எனக்கு அவித்த முட்டை கொண்டுவந்தாய். நான் அதைப் பூனைக்குப் போட்டேன். பூனை நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் அப்பா கோவிலில் கூட்டம் போட்டார். திருவிழா அந்த வருடம் முன்கூட்டியே வருகிறது, துரை இப்போதுதான் லீவு கொடுக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை மதியம் காப்புக் கட்டு என்றார். முணுமுணுப்பு எழுந்தது, அடங்கியது. பிறகு முன்வரிசை முளைப்பாரி யார் தூக்குவது என்று சொல்லும் நேரம் வந்தது. வருடா வருடம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டிலோ கங்காணிமார் வீட்டிலோதான் அந்தப் பெருமை போய் உட்காரும். உன் அப்பா தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வைத்துக்கொண்டு கூட்டத்தைக் கடந்து, பின்னால் தூணோரம் நின்ற என் அப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

"ஒம் மவ சாந்திதான்யா இந்த வருசம். அம்மன் உத்தரவு. வாங்கிக்க."

என் அப்பாவை அதற்கு முன்னால் அந்தக் கோவிலில் யாரும் தேடி வந்ததுகூட இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கண் கலங்க, இரண்டு கையாலும் அந்தத் தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். அம்மன் பேரில் வாங்கிய தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்த வீடு நம் தோட்டத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்து தட்டைச் சாமி படத்தின் கீழே வைத்த பிறகுதான் அம்மா நாளை எண்ணிப் பார்த்தாள். முளைப்பாரி தூக்குகிறவள் காப்புக் கட்டியாக வேண்டும். காப்புக் கட்டினால் முளையை ஆற்றில் கரைக்கும்வரை தோட்டத்து எல்லைப் பாலத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அம்மை போடும், அதுவும் தாண்டியவளோடு நிற்காது, லைன் முழுக்கப் போடும் என்பது எல்லார் வீட்டு நம்பிக்கையும். முகாம் திங்கட்கிழமை. காப்பு ஞாயிற்றுக்கிழமை.

"மரியாத பண்ற மாதிரி பண்ணி என் புள்ளயக் கட்டிப் போட்டுட்டானே" என்று அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அப்பாவுக்கு அது உறைக்கச் சற்று நேரமானது. உறைத்ததும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், வெட்டிய விறகையே மறுபடி வெட்டிக்கொண்டிருந்தார். நான் அழவில்லை. எனக்கு ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. இத்தனை நாள் நான் சந்தேகப்பட்டதெல்லாம் வீண் இல்லை என்று ஆகிவிட்டதல்லவா.

சனிக்கிழமை மத்தியானம் நீ பையோடு காய்கறி லோரியில் ஏறி, ஈப்போவிலிருக்கும் உன் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாய் என்று குழாயடியில் பேச்சு வந்தது. கேட்டவர்களெல்லாம் என் முகத்தைப் பார்த்தார்கள். உன் அப்பா உன்னை முதலிலேயே எல்லைக்கு வெளியே அனுப்பிவிட்டார், அங்கிருந்து நீ நேராக முகாமுக்குப் போவாய், இதை இதற்கு மேல் யாரும் எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. நீ என்னிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் பெயரை இனிமேல் வாயால் சொல்லக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா எனக்குத் தலையில் எண்ணெய் வைத்து, மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தபோது நீ எங்கள் வாசலில் வந்து நின்றாய். பாவாடையில் லோரித் தூசி, தலையில் முட்டைக்கோஸ் இலைத் துணுக்கு.

"கிளம்பு சாந்தி. கோலா தெர்லாவில முட்டக்கோஸ் ஏத்திக்கிட்டு மத்தியானம் லோரி எறங்குது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நிப்பாட்டச் சொல்லியிருக்கேன். கோலாலம்பூருக்கே போவுது."

அம்மா அம்மிக்குழவியை நிறுத்திவிட்டு உன்னை மேலும் கீழும் பார்த்தாள். "காப்புக் கட்ட வேண்டியவள எங்கடி கெளப்பற? போனா நாளைக்கு யாருக்கு அம்ம போட்டாலும் எம்மவதான் காரணம்பீங்க. ஒங்கப்பன் சொல்லி அனுப்புனானா?"

"அப்பாவுக்கு நான் வந்ததே தெரியாது அத்த. முன்வரிசைக்கு வயசுப் பொண்ணு ஒருத்தி வேணும், அவ்ளோதானே. நான் நிக்கறேன்."

"நீ நின்னா முகாமுக்கு யாரு போறது?" என்றேன்.

"நீதான்."

"ஒனக்கு இதுல என்ன லாபம்?"

"லாபம் பாக்க நான் என்ன காய்கறியா விக்கறேன்? ஓடறியா இல்லியா, அத மட்டும் சொல்லு."

அதற்குள் அப்பா விறகுக் கட்டையிலிருந்து எழுந்து வந்திருந்தார். வாங்கின தாம்பூலத்துக்கு என்ன பதில் சொல்வது என்று மெதுவாகக் கேட்டார். அவருடைய வாழ்க்கையில் கிடைத்த ஒரே மரியாதை சாமி படத்தின் கீழே தட்டில் இருந்தது. நீ நேராக உள்ளே போனாய். "மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லி, தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்தாய், சுண்ணாம்பு தடவி, பாக்கை நடுவில் வைத்து மடித்தாய், எங்கள் மூன்று பேர் முன்னாலேயும் வாயில் போட்டு மென்றாய். கல்யாணமாகாத பெண் அப்படி நடுவீட்டில் நின்று வெற்றிலை போட்டு நான் பார்த்ததில்லை. சுண்ணாம்பின் அளவு தெரியாமல் உதட்டோரம் எரிந்து உனக்குக் கண்ணில் நீர் வந்தது.

"இப்ப தாம்பூலம் எங்கிட்ட. காப்பும் எனக்குத்தான்" என்றாய் வாய் நிறைய.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். உன்னையா, அம்மனையா என்று தெரியவில்லை.

அப்போதும் நான் நம்பவில்லை. பாலம்வரை அம்மா கூடவே வந்தாள். லோரிக்காரரை நிற்கவைத்து விசாரித்தாள். "எம்மவள எங்க எறக்குவ? நடுவுல எங்கயும் நிக்க மாட்டியே? கங்காணி ஏதாச்சும் சொன்னாரா?" அவர் தலையில் அடித்துக்கொண்டு, "எம்மா, முட்டக்கோஸ் வாடிப் போவும்மா" என்றார். திரிங்காப், பிரிஞ்சாங், தானா ராத்தா என்று லோரி இறங்க இறங்க, அடுத்த வளைவில் உன் அப்பாவின் ஆட்கள் குறுக்கே நிற்பார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். தாப்பாவில் வெக்கை முகத்தில் அடித்தபோதுதான், மலை முடிந்துவிட்டது, யாரும் வரவில்லை என்று புரிந்தது.

முகாமில் சிக்கு உன்னை எங்கே என்று கேட்டார். பின்னால் வருவாள் என்றேன். பொய் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை, நீ வருவாய் என்றுதான் உறுதியாக நினைத்தேன். ஏதோ தந்திரம் இருக்கிறது, கடைசி நாளில் உன் அப்பா காரில் கொண்டுவந்து இறக்குவார், நீ களைப்பில்லாத காலோடு இறங்குவாய் என்று எதிர்பார்த்தேன். கேட் திறக்கிற சத்தம் கேட்டாலே எட்டிப் பார்ப்பேன். கொடுத்த ஓட்டக் காலணியைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன். எனக்குக் கொடுத்த மைலோ பானத்தை, பக்கத்துக் கட்டில்காரி தன்னுடையதைக் குடித்து முடித்த பிறகே குடித்தேன். நீ வரவில்லை. உன் பெயரை அடித்துவிட்டு என்னை இறக்கினார்கள்.

போட்டியன்று மத்தியானம் அந்த அரங்கத்துக்குள் நுழைந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவ்வளவு சனத்தை நான் திருவிழாவிலும் பார்த்ததில்லை. வரிசையாகப் பல நாட்டுக் கொடிகள், ஒரே நிறத்தில் உடுத்திய பெண்கள், தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள், அது என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும். துப்பாக்கி வெடித்தது. முதல் சுற்றில் முழங்கையால் இடித்தார்கள், நானும் இடித்தேன். இரண்டாம் சுற்றில் மூச்சு இலகுவானது. மலையில் ஓடிய நெஞ்சுக்கு அந்தச் சமதரை ஒன்றுமே இல்லை. கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது நான் மூன்றாவதாக இருந்தேன்.

அங்கேதான் அந்தக் கூத்து நடந்தது. கடைசி வளைவில் நான் திரும்பிப் பார்த்தேன். நம் பழக்கம் அது. மேட்டில் முந்துகிற உன்னை வளைவில் தாண்டியதும், நீ பின்னால் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறாய் என்று பார்த்துவிட்டுத்தான் நேர்ப்பாதையில் நான் வேகம் பிடிப்பேன். திரும்பினேன், நீ இல்லை. இருக்க மாட்டாய் என்று தெரிந்தும் இன்னொரு தடவை திரும்பினேன். அந்த இடைவெளியில் வெளிப்பக்கமாக ஒரு பெண் என்னைக் கடந்துபோனாள். நான்காவதாக வந்தேன். சிக்கு துண்டைக் கையில் கொடுத்துவிட்டு, யாரைத் தேடினாய் என்று கோபமாகக் கேட்டார். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பியபோது திருவிழா முடிந்திருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கமாக நீ நின்றிருந்தாய்.

"எத்தனையாவது?"

"நாலு."

"யாராச்சும் தள்ளிவிட்டாளுங்களா?"

"இல்ல."

நீ சிரித்தாய். என்ன சிரிப்பு அது என்று எனக்குப் புரியவில்லை. நான் தோற்றதில் சந்தோஷமா, ஓடியதில் சந்தோஷமா? அதைக் கேட்கத் தைரியமில்லாமல் வீட்டுக்குப் போனேன்.

நான்காவது இடமும் போதுமாக இருந்தது. கல்லூரியில் இடம் கிடைத்தது, ஈப்போவில் வேலை கிடைத்தது, அம்மாவின் முதுகிலிருந்து கூடையை இறக்கினேன். நீ பிறகு ஓடவேயில்லை. உன் அப்பா உன்னை அவசரமாகக் கட்டிக்கொடுத்தார். திரிங்காப்பில் பூத்தோட்டத்தில் செவ்வந்தி வெட்டப் போனாய். லீவில் வரும்போதெல்லாம் உன்னைப் பார்ப்பேன். கைவிரல் முழுக்கப் பச்சைக் கறை, மடியில் குழந்தை, வாய் ஓயாத பேச்சு. ஒவ்வொரு தடவையும் நான் காத்திருந்தேன். இன்றைக்குக் கேட்பாள், எனக்காக இதைச் செய் என்று ஏதாவது கேட்பாள், அப்போது எல்லாம் விளங்கிவிடும் என்று. நீ கேட்கவேயில்லை. கிளம்பும்போது ஒரு கட்டுப் பூவைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணிப்பாய். எதையும் கேட்காத ஆளிடம் எப்படி நிம்மதியாக இருப்பது? உன்னைப் பார்த்துவிட்டு வந்த நாள்களில் எனக்குச் சரியாகத் தூக்கம் வராது.

உனக்குச் சிறுநீரகம் கெட்டு ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் வந்தேன். உடம்பு ஊதி, முகம் மஞ்சள் பூத்து, குரல் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு நாள் பார்வையாளர் நேரத்தில், பக்கத்துக் கட்டிலில் ஆள் இல்லை, நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு ஏன் திரும்பி வந்த? எனக்காகவா?"

நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அட, ஒனக்காக யாரு வந்தா? ஈப்போவில லோரிலேர்ந்து குதிக்கறப்ப கால் பெரண்டுகிச்சு. இவ்ளோ பெருசா வீங்கிடுச்சு. ஓட முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு. வீணாப் போற எடம் ஒனக்காச்சும் ஒதவட்டுமேன்னுதான். தியாகம் கியாகம்னு மனசுல வச்சுக்கிட்டுத் திரியாத லா."

என்னமாய் ஒரு நிம்மதி வந்தது, தெரியுமா? எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிட்டது. கால் பிசகியிருக்கிறது, அவ்வளவுதான். யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. உலகம் நான் நினைத்திருந்த மாதிரியேதான் இருக்கிறது. "அதானே பாத்தேன்" என்று சொன்னேன். இருவரும் சிரித்தோம், நர்ஸ் வந்து அதட்டினாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். ஒருவர் சொன்னதைத் திருப்பிப் போட்டுப் பார்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டது என் ஆயுளில் அதுதான் முதல் முறை. அடுத்த வாரம் நீ இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தோட்டத்துக்கு வந்தேன். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு உன் அப்பா கோவிலுக்கு எதிரே இருக்கும் பந்துத் திடலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திருப்பவில்லை.

"ஆமா, நாந்தான் திருநாள மாத்துனேன்" என்றார், நான் கேட்காமலே. "எம்மவ போவணும்னு மாத்துனேன். ஒங்கப்பன் கையில வெத்தலயக் குடுத்ததும் அதுக்குத்தான். தப்புன்னா தப்புதான். ஆனா அவ என்ன பண்ணா? அத்தன சனத்துக்கு முன்னாடி வந்து, வாய் செவக்க நின்னு, பூசாரிகிட்ட கைய நீட்டுனா. நான் என்னத்தச் சொல்ல?"

எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். உன் அப்பாவைச் சந்தேகப்பட்டது சரிதான். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அவளுக்குக் கால் வீங்கியிருந்துச்சே மாமா, போயிருந்தாலும் ஓடியிருக்க முடியாது" என்றேன்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"எந்தக் காலு?"

"லோரிலேர்ந்து குதிச்சப்ப…"

"யாரு சொன்னா? நீ அங்க ஓடுன அன்னைக்கு மத்தியானம், கையில காப்போட, இதோ இந்தத் தெடல்ல அவ ஓடுனா. வெறுங்காலு. பொம்பளைங்க கொழுந்து நிறுத்துட்டு வந்தவங்கெல்லாம் கூடையோட நின்னு பாத்தாங்க. நான் கத்துனேன், நிக்கல. பேய் மாதிரி ஓடுனா. முடிச்சுட்டு எங்கிட்ட வந்து, 'அங்க ஓடியிருந்தா இன்னைக்கு மெடல்ப்பா'ன்னா. அப்பறம் தண்ணி கேட்டா."

உள்ளே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனார். நான் திடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பையன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

இதுதான் உன்னோடு எனக்குள்ள சண்டை. பதில் சொல்ல நீ இல்லை என்பதால் தப்பித்தாய் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் அவித்த முட்டையைச் சந்தேகப்பட்டேன், லோரியைச் சந்தேகப்பட்டேன், சிரிப்பைச் சந்தேகப்பட்டேன், நீ கொடுத்த பூக்கட்டைப் பிரித்துக்கூடப் பார்த்தேன். ஒன்றிலும் ஒன்றும் இருக்கவில்லை. படுக்கையில் கிடந்து, என் மனம் லேசாக வேண்டும் என்று நீ சொன்ன அந்த ஒரே ஒரு பொய்யை மட்டும்தான் நான் நம்பினேன்.